தட்டில் வந்த டிரைவ்

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பெண் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மரியாதை உண்டு. மின்சாரத்தில் ஓடும் எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த மரியாதை. டி.வி.யில் புள்ளி புள்ளியாக வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கைக்கடிகாரம் நின்றுபோனாலும் என்னிடம் நீட்டுவார்கள். ஒருமுறை எங்கள் பங்காளி ஒருவர் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "பாருத்தா" என்றார். பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. வயர் எங்கேயோ லூசாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். (எந்த ரிப்பேருக்கும் இந்த ஒரு பதில் போதும். பாதி நேரம் சரியாகவும் இருந்து தொலைக்கும்.)

உண்மையில், கல்லூரியில் மூன்று வருடம் நான் படித்ததெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். ஓடாத கம்ப்யூட்டர் பாடத்திட்டத்திலேயே கிடையாது. லேபில் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் உதவியாளரைக் கூப்பிடுவோம். அவர் வந்து அதன் மண்டையில் தட்டுவார். நாங்கள் வெளியே போய்க் கடலை வாங்கித் தின்போம். இந்த லட்சணத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். எங்கள் ஊர் திருப்பாலைக்குடியிலிருந்து மேற்கே உள்ளடங்கி இருக்கிறது. கடல் கண்ணில் படாது. ஆனால் உப்புக்காற்று மட்டும் தவறாமல் வந்து, வீட்டிலிருக்கும் இரும்பையெல்லாம் தின்றுவிட்டுப் போகும். மிளகாய் நல்ல விலைக்குப் போன வருடத்தில் அய்யா எனக்கு ராமநாதபுரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊர்க்காரர்களுக்கு மனு, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அதில் அடித்துக் கொடுப்பேன். அதன் முன்பக்கத்து யு.எஸ்.பி. ஓட்டைகள் இரண்டும் துருவேறிச் செத்துவிட்டன. எதைச் செருகுவதாக இருந்தாலும் பின்பக்கம்தான். பின்பக்கம் என்றால் மேஜைக்கு அடியில், சுவர் ஓரத்தில், பல்லி குடியிருக்கும் இடத்தில்.

மாப்பிள்ளை பெயர் கதிரேசன். முதுகுளத்தூர்ப் பக்கம். துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, லீவில் வந்திருந்தார். போட்டோ முன்பே வந்துவிட்டது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. எடுத்து எடுத்துப் பார்த்ததில் போட்டோவின் மூலை கிழிந்து, அம்மா அதற்காக எலிப்பொறி வைத்தாள்.

அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்கள் எல்லாம் 'பொண்ணு கூடப் படிச்சிருச்சு' என்று கைவிட்டுப் போயிருந்தன. இவர்களோ கம்ப்யூட்டர் படித்த பெண்தான் வேண்டும் என்று தேடி வந்தவர்கள். அய்யா முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. "இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் படிக்க வச்சதே தப்புன்னு ஊரு சொல்லும்த்தா" என்று முதல் நாள் என்னிடம் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, பாவமாகச் சொன்னார். 

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு வீட்டுக்கு ஒரு சாமானும் வைத்துக் கொண்டுவருவார்கள். பெண் வீட்டுக்குச் சம்மதம் இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். தட்டில் வந்ததில் ஒன்றை எடுத்து, அவர்கள் கண் முன்னால் ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். வந்தவர்கள் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. இந்த விஷயத்தில் எங்கள் வீட்டு ஹைகோர்ட், அய்யாவின் அக்கா சிவகாமி அத்தை. அத்தை தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை, கார் நிறைய சொந்தக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, அதில் பூச்சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். செங்கல் அளவு இருந்தது. குங்குமப் பொட்டு வேறு.

"துபாயிலருந்து கொண்டாந்தது. புத்தம் புதுசு. எத்தனை போட்டோன்னாலும் இதுக்குள்ள அடங்கும்னு தம்பி சொல்றான். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாச்சே, சேலைய விட இதுதான் பிடிக்கும்னு எடுத்தாந்தோம். போடுத்தா, தம்பி இருக்க எடமெல்லாம் நீயும் பாரு, நாங்களும் இன்னும் பாக்கல."

வெளியே வைத்துச் செருகும் ஹார்ட் டிஸ்க். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாடத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று கேட்கும் உலகத்தில் டிரைவைச் செருகச் சொல்லும் மாமனார் யாருக்குக் கிடைப்பார்?

அதற்கென்று தனி மின்சார வயர், அதன் நுனியில் சதுரப் பல் வைத்த துபாய் பிளக். எங்கள் வீட்டில் துபாய் இஸ்திரிப்பெட்டிக்கு வாங்கிய மாற்றுப் பிளக் ஒன்று இருந்தது. (நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். அது மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) மிக்சி போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று அம்மா காலையிலேயே கம்ப்யூட்டரை அணைத்து வைத்திருந்தாள். "எல்லாத்தையும் மாட்டிட்டு, நல்ல நேரத்துலயே ஒரே அமுக்கா அமுக்கு" என்றாள் அத்தை. பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்து, டிரைவைப் பின்பக்கம் மாட்டிவிட்டு வந்து, சுவிட்சை அமுக்கினேன்.

உள்ளே காற்றாடி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்துகள் கொஞ்சம் ஓடின. அதன் பிறகு கறுப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம். வந்தவர்கள் கொஞ்ச நேரம் பக்தியாகத்தான் பார்த்தார்கள்.

"இதுதான் போட்டோவா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இல்ல அத்தை, இப்ப வந்துரும்" என்றேன். வரவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே கோடு. ஸ்டெபிலைசரைத் தட்டினேன். கீபோர்டைப் பிடுங்கி மாட்டினேன். மவுஸைக் கவிழ்த்து அதன் குண்டை எடுத்துத் துடைத்தேன். (மவுஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஏதாவது செய்துகொண்டே இருந்தால் தெரிந்தவள் மாதிரி இருக்கும்.)

"எங்கூட்டு டீசல் எஞ்சினும் இப்படித்தான் காத்து வாங்கிரும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஆறுதலாக. "பம்ப அடிச்சுக் காத்த எடுத்துவிட்டா கப்புனு பிடிச்சுக்கிரும். இதுல பம்பு எங்கன இருக்கு?"

அடுத்து, நான் செய்திருக்கவே கூடாத வேலையைச் செய்தேன். கம்ப்யூட்டருக்குள் ராம் என்று ஒரு பட்டை இருக்கும். அதைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிக் கம்ப்யூட்டர்கள் உயிர் பிழைத்துவிடும் என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஸ்குரூ டிரைவரோடு மறுபடி மேஜைக்கு அடியில் போனேன். பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெண் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையிலிருந்த மல்லிகைப்பூ கேபினெட்டுக்குள் உதிர, ரப்பரால் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் அங்குமிங்கும் நகர்ந்து மறைத்துப் பார்த்தாள். மறைக்கிற அளவுக்குத் தட்டு பெரிசு இல்லை.

பட்டையைத் திரும்ப மாட்டிச் சுவிட்சைப் போட்டும் அதே கோடுதான். மூடியை மாட்ட மறுபடி குப்புறக் கிடக்கும்போதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி கண்ணெதிரே தெரிந்தது. அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ கர்ரக், கர்ரக் என்று மாடு அசைபோடுகிற மாதிரி சத்தம். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் சொந்த டிஸ்கைத் தேடாமல், வெளியே செருகிய டிரைவுக்குள் போய்த் தேடிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும் என்று எங்கேயோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிடுங்கினால் போதும், தீர்ந்தது விஷயம். கையை நீட்டினேன். என் முழங்கையை ஒரு கை பிடித்தது. சிவகாமி அத்தை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி செய்யப் போற?" என்று காதோடு கிசுகிசுத்தாள்.

"இதப் பிடுங்கிட்டா ஓடிரும் அத்தை."

"பிடுங்கவா? தட்டுல வந்த சாமானடி. பூவும் பொட்டுமா வச்சுக் குடுத்தத, அவுக கண்ணு முன்னால பிடுங்கி ஒதுக்கி வச்சா என்ன அர்த்தம்னு தெரியாதா? சம்பந்தம் வேணாம்னு நீயே சொல்லப் போறியா?"

"அப்ப எப்படி ஓட்டுறது?"

"அத விட்டுட்டு வேற எதையாச்சும் ரிப்பேர் பாரு."

இப்படியாக, பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் நான் ரிப்பேர் பார்த்தேன். டிரைவ்தான் காரணம் என்று வாயால் சொல்லவும் முடியாது. 'எங்க சாமானக் குறை சொல்றா' என்று ஆகிவிடும். அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த காபி ஏடு படிந்துபோயிருந்தது. மாப்பிள்ளை மட்டும் நான் திரும்பும்போதெல்லாம் இருமினார். தலையை ஆட்டி ஆட்டி, கண்ணை மேஜைப் பக்கம் உருட்டி உருட்டி இருமினார். எனக்கு மனசே விட்டுப்போனது. நல்ல வாட்டசாட்டமான ஆள், இப்படி இழுப்புக் கோளாறு இருக்கிறதே, போட்டோவில் இதெல்லாம் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ராகுகாலம் வரப் போகுது. போயித் தகவல் சொல்றோம்" என்றார். போய்த் தகவல் சொல்கிறோம் என்றால் தகவல் வராது என்று அர்த்தம். அய்யா "சரிங்க" என்றார். அந்தச் சரிங்க எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எல்லோரும் வழியனுப்ப வாசலுக்குப் போனார்கள். பெண் வாசலுக்கு வரக் கூடாது. நான் அந்தக் கோட்டோடு தனியாக நின்றேன்.

முதலில் அழுகை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. சம்பந்தம்தான் போய்விட்டது, இனி எதற்கு மரியாதை? குனிந்து டிரைவைப் பிடுங்கினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். வெள்ளை எழுத்து ஓடியது, கோடு ஒரு தடவை மினுக்கியது, அப்புறம் சமர்த்தாகத் திரை விரிந்தது. பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குப் பாட்டுப் போட்டபோது ஸ்பீக்கரை முழுசாகத் திறந்து வைத்ததை நான் குறைக்கவே இல்லை. கம்ப்யூட்டரின் ஆரம்ப இசை தெருக்கோடி வரை அலறியது. காரில் ஒரு காலை வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா உட்பட மொத்தப் பேரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நான் கையில் பிடுங்கிய டிரைவோடு, வயர் வால் மாதிரி தொங்க, தலையில் ஒட்டடையோடு நின்றுகொண்டிருந்தேன். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "என்னத்தா, நீ வேணாங்கிறியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

 அப்போது மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"அப்பா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. அது புதுசு இல்லப்பா. ஆபீஸ்ல வேணாம்னு தூக்கிப் போட்டத நான் எடுத்துத் தொடச்சுக் கொண்டாந்தேன். பழசு. அத மாட்டிக்கிட்டு ஆன் பண்ணா எங்க ஆபீஸ் கம்ப்யூட்டரும் இப்படித்தான் நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பச் செருகுங்க, வேலை செய்யும்" என்றார்.

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியமும் அப்படி ஒன்றும் இனிமையாக இல்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லாம உக்காந்திருந்தீக?"

"இருமினேனே."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. "புதுசுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்லே" என்றார். மகன் தரையைப் பார்த்தார். அங்கே நிற்க முடியாமல் நான் போய் டிரைவைச் செருகினேன். அந்தக் கிழட்டு டிரைவ் கர்ரக் என்று ஒரு முறை செருமிவிட்டுப் போட்டோக்களைத் திறந்தது.

வெள்ளைக் காரில் சாய்ந்து ஒன்று. சிவப்புக் காரில் சாய்ந்து ஒன்று. காரின் மேல் கை வைத்து ஒன்று. "இதுல எதுலே ஒன்னோட காரு?" என்றார் அப்பா. "எதுவும் இல்லப்பா. நிப்பாட்டி வச்சிருந்துச்சு, பக்கத்துல நின்னு எடுத்துக்கிட்டேன்" என்றார் மகன். எங்கள் வீட்டுச் சொந்தங்களில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அடுத்த போட்டோ வந்தது. "அத விடுங்க, அது வேணாம்" என்று மாப்பிள்ளை அவசரமாக எழுந்தார். அதற்குள் அது திரை முழுக்க வந்துவிட்டது.

ஒரு சின்ன அறை. சுவரோடு சுவராக இரும்பு அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் ஆள். கட்டில் கம்பியெல்லாம் துவைத்த துணி. நடுவில் தரையில் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தது, நீலச் சட்டைக்காரர்தான். கூட இருந்தவன் யாரோ விளையாட்டாக எடுத்திருக்கிறான். அழிக்க மறந்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். படத்திலிருந்த மகனின் முகத்தை விரலால் தொட்டார். "இங்கனயாய்யா படுக்கிற?" என்றார். "தனி ரூமுன்னு சொன்னியே."

   கார்மேல் சாய்ந்து நின்ற ஆளைப் பிடித்ததைவிட, வெங்காயம் அரிந்த இந்த ஆளை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துவிட்டது. அதை அப்போது எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் அய்யாவைப் பார்த்தார். "நாங்க தகவல் சொல்றதுக்கு இனிமே ஒண்ணும் இல்லங்க. நீங்கதான் சொல்லணும்" என்றார். பெருமையெல்லாம் வடிந்த குரலில் சொன்னார். அய்யா என்னைப் பார்த்தார். கூடமே என்னைப் பார்த்தது. சம்மதம் என்று பெண் வாயைத் திறந்து சொல்லும் வழக்கமும் எங்கள் பக்கம் கிடையாது. நான் கம்ப்யூட்டரை முறையாக அணைத்தேன். டிரைவைக் கழற்றினேன். வயரைச் சுற்றினேன். விழுந்துகிடந்த பூவை எடுத்து அதன்மேல் வைத்து, நடுக்கூடத்தில் இருந்த தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அத்தைதான் முதலில் குலவை போட்டாள். அப்போது ராகுகாலம் உச்சத்தில் இருந்தது. எங்கள் கல்யாணம் பேசி முடிந்ததே முழு ராகுகாலத்தில்தான் என்பதை அத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஹைகோர்ட்டின் மானம் என்ன ஆவது?

அவர் அப்புறம் சில வருடம் துபாயில் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறோம். கடையில் வரும் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால், பின்னால் எது செருகியிருந்தாலும் முதலில் பிடுங்கிவிட்டுத்தான் மற்ற வேலை. மாமனார் கல்யாண வீடுகளில் பந்திக்குப் பந்தி இந்தக் கதையைச் சொல்லாமல் இலையிலிருந்து எழுந்திருக்கமாட்டார். "ஊருல எல்லாரும் பொண்ணோட மொகத்தப் பாத்துச் சம்மதம் சொல்லுவாக. எங்களுக்கு அன்னைக்கு முதுகு மட்டுந்தான் காட்டுனா" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

மாமியார் மட்டும் அந்தக் கதையைச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்காவது வெளிநாட்டு மாப்பிள்ளை ஜாதகம் வந்தால், போட்டோவை அவரிடம்தான் முதலில் காட்டுவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். கார், கட்டடம், கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"காரு கெடக்கட்டும். தம்பி படுக்கிற எடத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. அதப் பாத்துட்டுப் பேசுவோம்."